துரையின் இடக்கை

ஆடி மாதம் காரமடைக்குக் காற்றாகவே வந்து சேரும். பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வரும் அந்தக் காற்று, பகலெல்லாம் தென்னைகளின் தலையை ஒரே பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருக்கும். மேற்கே நீலமலை முகம் காட்டாது. மேகம் அடிவாரம் வரை இறங்கி, மலை இருந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறம் நிற்கும். மழை பெய்கிறது என்றும் சொல்ல முடியாது, பெய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. முகத்தைத் துடைத்தால் மட்டும் கை நனையும். மணவோலை எழுதாத மாதம். அம்மன் கோயில்களில் கூழ் காய்ச்சும் மாதம். போனவர்களை நினைப்பதற்கென்று முன்னோர் ஒதுக்கிய அமாவாசை இந்த மாதத்தில்தான் வருகிறது. ஆற்றில் இடுப்பளவு நின்று எள்ளும் நீரும் இறைக்கிறவர்களைப் பார்த்தால் தெரியும். நரைத்த தலையும் தளர்ந்த தோளுமாக இருந்தாலும், அந்த ஒரு காலையில் எல்லோரும் யாரோ ஒருவரின் பிள்ளைகள்.

மாசாணியம்மாள் ஆற்றுக்குப் போவதில்லை. எழுபத்தொன்பது வயதில், இழைத்த சந்தனத்தைப் பூவரச இலையில் மடித்துக்கொண்டு அவள் போவது கடைவீதிக்குப் பின்னால் இருந்த வாசகசாலைக்கு. முப்பத்தெட்டு ஆண்டு அந்த மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கியவள். வேலையிலிருந்து நின்று இருபது ஆண்டுக்கு மேலாகியும் அமாவாசைதோறும் போய்வருவது நிற்கவில்லை. உள்ளே கிழக்குச் சுவரில் பென்ரித் துரையின் எண்ணெய் வண்ணப் படம் இருந்தது. சுதந்திரத்துக்கு இரண்டாண்டு முன்பு சப் கலெக்டராக இருந்த வெள்ளைக்காரர். ஆளுயரப் படம். கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டையுமாக உயரமான நாற்காலியில் அமர்ந்து, வலக்கையில் சுருட்டிய காகிதம் ஒன்றைப் பிடித்து, இடக்கையை நாற்காலிக் கைப்பிடியின்மேல் வைத்து, ஊரைக் கடந்து எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். அந்த இடக்கை மாசாணியம்மாளின் நெற்றி உயரத்தில் இருந்தது.

அன்று காலை சுவரில் படம் இல்லை. அது இருந்த இடத்தில் பழைய சுண்ணாம்பு மட்டும் ஒரு கதவளவுக்கு வெளுத்துத் தெரிந்தது.

வாசகசாலைச் செயலாளர் செங்கோடன், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், கூரை வேலைக்கு வந்தவர்களிடம் ஓடுகளை உடையாமல் இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கூரையை மாற்றப் போகிறோம், அதோடு படத்தையும் பழுது பார்த்துவிடலாம் என்று கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பெண்ணிடம் அனுப்பியிருப்பதாக அவர் சொன்னார். ஓட்டு ஒழுக்கில் துரையின் இடக்கை கறுத்து உரிந்துபோய்விட்டதாம்.

"உன்ர துரை எங்கீம் ஓடிப் போயிறலை மாசாணி. புதுக் கையோட வருவாரு. முன்னால அந்தச் சுண்டுவெரலு வேற கோணிக்கிட்டு நிக்கும், பாக்கறவங்கல்லாம் சிரிப்பாங்க. அதையும் நேராக்கிப்போடச் சொல்லியிருக்கறேன்."

"வெரல ஒண்ணுஞ் செய்ய வேண்டாமுங்க வாத்தியாரய்யா."

"துரைக்கே ஆட்சேபணை இல்லை. உனக்கென்ன அதுல?"

ஓடு இறக்குகிறவர்களில் ஒருவர் சிரித்தார். மாசாணியம்மாள் சந்தன இலையை மடியில் செருகிக்கொண்டு திரும்பி நடந்தாள். ஊரில் அவளுக்குத் துரையம்மா என்றொரு பெயர் உண்டு. வெள்ளைக்காரன் போய் இத்தனை காலமாகியும் அவன் படத்துக்குச் சந்தனம் பூசுகிறவள் என்ற கேலி. அவள் அதை மறுத்ததே இல்லை. மறுக்க வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும்.

உண்மை இதுதான். துரை படம் எழுதுகிறவருக்கு முகத்தைக் காட்டி உட்கார்ந்தது மூன்றே நாள். அதற்குமேல் அவருக்கு நேரமில்லை. உடம்பையும் கோட்டையும் கைகளையும் எழுதுவதற்கு, ஓவியர்களின் அந்நாளைய வழக்கப்படி, வேறொருவரை உட்கார வைத்தார்கள். துரையின் உயரமும் தோள் அகலமும் கொண்டவர் சப் கலெக்டர் கச்சேரியில் ஒருவர்தான் இருந்தார். டவாலிப் பட்டை மாட்டிச் சேவகம் பார்த்த மாரப்பன். பத்தொன்பது நாள் அவர் துரையின் கோட்டை மாட்டிக்கொண்டு, துரையின் நாற்காலியில், துரையைப்போல் கையை வைத்து உட்கார்ந்தார். ஓவியர் எதிரே இருந்ததை அப்படியே எழுதும் நேர்மையாளர். நிறத்தைத்தான் மாற்றினார். பிறவியிலேயே உள்நோக்கி வளைந்திருந்த மாரப்பனின் இடக்கைச் சுண்டுவிரல், வெள்ளைத் தோல் போர்த்துக்கொண்டு படத்துக்குள் போய்விட்டது.

அடுத்த ஆண்டே, துரையோடு மலையடிவார முகாமுக்குப் போன மாரப்பன் காட்டுக் காய்ச்சலில் இறந்தார். அப்போது அவர் மனைவி செல்லாத்தாளுக்கு ஆறாம் மாதம். பிறந்த பெண் மாசாணி. அவளுடைய இடக்கைச் சுண்டுவிரலும் உள்நோக்கி வளைந்திருந்தது. மாரப்பனை யாரும் நிழற்படம் எடுத்ததில்லை. செல்லாத்தாள் மகளை இடுப்பில் தூக்கிப் போய் வாசகசாலையின் சன்னல் கம்பி வழியே படத்தின் கையைக் காட்டினாள். உள்ளே போக அவர்கள் தெருக்காரர்களுக்கு அன்று இடமில்லை. விவரம் தெரிந்த வயதில், வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லாதே என்றும் சொல்லி வைத்தாள். துரை நாற்காலியில் இன்னார் உட்கார்ந்தார் என்று தெரிந்தால் படத்தையே இறக்கிவிடுவார்கள் என்பது அவளுடைய பயம்.

பெருக்குகிற வேலை கிடைத்து முதன்முதல் உள்ளே நுழைந்த காலையில் மாசாணியம்மாளுக்கு இருபது வயது. மண்டபத்தில் யாருமில்லை. துடைப்பத்தைச் சாத்திவிட்டுப் படத்தின் அருகே போய், அந்தக் கையின்மேல் நெற்றியை வைத்தாள். அப்பன் திருநீறு பூசிவிடும்போது பிள்ளைகள் எப்படித் தலையைக் கொடுப்பார்கள் என்பதை அவள் அடுத்த வீடுகளில் பார்த்திருந்தாள்.

வீட்டில் அமாவாசைக்கு மருமகள் செவ்வந்தி அரிசிம்பருப்பு சாதம் ஆக்கி, நெய் விட்டு, வாழையிலையில் வைத்தாள். மாமியார் அதைத் தொடவில்லை. செவ்வந்தி கறிவேப்பிலைத் தோட்டங்களில் குச்சி ஒடித்துக் கட்டுக் கட்டுகிறவள். அவளுடைய கையும் சேலையும் அடுப்பும் எந்நேரமும் அந்த இலையின் வாசமாகவே இருக்கும். கணவன் கதிரேசன் அந்தக் கட்டுகளைச் சரக்கு ஆட்டோவில் கோயமுத்தூர்ச் சந்தைக்கு ஓட்டிப் போகிறவர்.

கதிரேசன் இலைக்கு எதிரே உட்கார்ந்து தாயைப் பார்த்தார். "ஏனாத்தா, ஒரு வெரலுக்குப் போயி சோத்த வெலக்கி வெச்சுப்போட்டுக் குக்கியிருக்கறே. தாத்தன் வந்து சோறு கேக்கப் போறாரா?"

"கேட்டா எந்த மூஞ்சின்னு எனக்குத் தெரியும்? கையி ஒண்ணுதான் தெரியும். அதையும் நேராக்கிப்போட்டா, நான் எதையப் பாத்து அப்பான்னு சொல்றது?"

அதற்குமேல் கதிரேசன் கேலி பேசவில்லை. நாளை சந்தையில் இறக்கிவிட்டு அப்படியே ஆர்.எஸ்.புரம் போய்விடலாம் என்றார்.

மறுநாள் கறிவேப்பிலைக் கட்டுகளுக்கு நடுவே ஒரு சாக்கை விரித்து அவளை உட்கார வைத்துக் கூட்டிப் போனார். நகைக் கடைகளும் பட்டுக் கடைகளும் இருந்த வீதியைத் தாண்டி, ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே இருந்தது படம் பழுது பார்க்கும் தாஜுன்னிசாவின் வேலையிடம். நாற்பது வயதுக்காரி. மூக்குக் கண்ணாடியின்மேல் இன்னொரு பெரிய கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தாள். நடுவே நீண்ட மேசையில் பென்ரித் துரை மல்லாந்து கிடந்தார். எத்தனையோ ஆண்டு அண்ணாந்து பார்த்த முகத்தை மாசாணியம்மாள் முதன்முறையாகக் குனிந்து பார்த்தாள். அவளுக்கு அந்த முகத்தோடு ஒன்றும் இல்லை. கண் கைக்குப் போனது. மண்டபத்து மங்கலில் தெரியாதது இந்த வெளிச்சத்தில் தெரிந்தது. அங்கே கருத்த பொருக்கு ஒன்றுதான் இருந்தது.

விரலை நேராக்க வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறோம், இது எங்கள் தாத்தாவின் கை, அம்மாவுக்கும் அதே கை என்று கதிரேசன் விவரம் சொன்னார். தாஜுன்னிசா குறுக்கிடாமல் கேட்டாள். பத்தொன்பது நாள் என்றபோது மட்டும் எழுந்து படத்தின் தோள்பட்டையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"எனக்கு முதல் நாளே சந்தேகமுங்க. முகம் எழுதின வேகம் வேற, கை எழுதின நிதானம் வேற. ஒருத்தர் பொறுமையா உக்காந்திருக்கணும்னு நெனச்சேன்." பிறகு பொருக்கைச் சுட்டிக் காட்டினாள். "ஆனா வாத்தியார் சொன்ன மாதிரி இது மழைத்தண்ணி இல்லீங்க. மழை ஒழுகியிருந்தா மேலிருந்து கோடா எறங்கும். இது கை மட்டும். எதையோ அப்பியிருக்காங்க, ஈரத்துணி வெச்சுத் தொடச்சிருக்காங்க, மறுபடி அப்பியிருக்காங்க. ரொம்ப வருஷமா. வண்ணம் அதுல ஊறி வந்துருச்சு."

மருந்தில் தோய்த்த பஞ்சினால் பொருக்கின் ஓரத்தை மெல்ல உருட்டி எடுத்து, என்னவாக இருக்குமென்று தெரியுமா என்று கேட்டபடி நீட்டினாள். மருந்தின் நெடிக்கு அடியில் இன்னொரு வாசம் இருந்தது. மாசாணியம்மாள் அதை முகர்ந்தாள்.

"மழைதானுங்க அது," என்றார் கதிரேசன் அவசரமாக. "போன ஐப்பசியில கொட்டுன கொட்டுக்கு ஊரே ஒழுகுச்சுங்க."

"நீ சும்மா இரு கண்ணு." மாசாணியம்மாள் பஞ்சைத் திருப்பிக் கொடுத்தாள். "சந்தனமுங்க அம்மணி. அம்பத்தொம்பது வருசச் சந்தனம். நாந்தான்."

தாஜுன்னிசா பஞ்சை மேசையோரம் வைத்தாள். கீழே பல் குடையும் இயந்திரம் சுழலும் ஓசை கேட்டது. பொருக்கு முழுதும் எடுத்த பிறகுதான் என்ன மிச்சம் இருக்கிறது என்று சொல்ல முடியும், அதுவரை எந்த விரலையும் நேராக்க மாட்டேன் என்றாள்.

அதன்பின் மூன்று வாரம் மாசாணியம்மாள் வீட்டைவிட்டு இறங்கவில்லை. சாரல் நின்று வெயில் வந்தது. நீலமலை கழுவி வைத்தாற்போல் நின்றது. அவள் கறிவேப்பிலைக் குவியலின் முன் உட்கார்ந்து பழுத்த இலைகளைக் கிள்ளிப் போட்டாள். கிள்ளும்போது இடக்கையை மடிக்குள் மறைத்துக்கொண்டாள். கொல்வது என்றால் இப்படித்தானா என்று ஒருநாள் செவ்வந்தியிடம் கேட்டாள். ஆசையாகத் தொட்டுத் தொட்டு அப்பனை இரண்டாம் முறை சாகக் கொடுத்துவிட்டேன் என்றாள்.

செவ்வந்தி நாரை வாயில் கடித்தபடி கட்டை இறுக்கிக்கொண்டே சொன்னாள்: "எங்கம்மா ஊர்ல பெருமாள் சுண்ணாம்புச் சுதையில செஞ்சவருங்க அத்தை. ஒரு கிண்ணம் தண்ணி பட்டாக் கரைஞ்சு போயிருவாரு. அதுக்குன்னு அவரு குளிக்காமயா இருக்கறாரு? முன்னால ஒரு சின்னச் சாமி வெச்சிருக்காங்க. பாலு, தயிரு, சந்தனம் எல்லாம் அதுக்கு ஊத்துவாங்க. பெரியவருக்குப் போய்ச் சேந்துரும்."

"அது சாமி. அதுக்கு ஐயரு மந்திரஞ் சொல்லுவாரு."

"உங்களுக்கு மந்திரமா தெரியாது? அம்பது வருசமா முணுமுணுத்தது என்னவாம்?"

மாசாணியம்மாள் பழுத்த இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டாள். அன்று இரவுச் சோற்றை முழுதாக உண்டாள்.

ஆவணி நடுவில் தாஜுன்னிசா கைப்பேசியில் அழைத்தாள். சந்தனம் நீங்கிவிட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் அடியில் பத்திரமாக இருக்கின்றன. வளைவு அப்படியே இருக்கிறது. நடுவில் மூன்று விரலும் புறங்கையும்தான் போய்விட்டன. அவற்றை எழுதிச் சேர்க்க வேண்டும். தோன்றியபடி எழுதினால் அது பொய்க் கையாகும். "உங்க கை உங்க அப்பா கைங்கிறீங்களே, நீங்க வந்து உக்காருவீங்களா அம்மா?" என்று கேட்டாள். ஒரு சங்கடமும் உண்டு. விரல் நேராகத்தான் இருக்க வேண்டும் என்று செயலாளர் இன்னும் பிடிவாதமாக இருக்கிறார்.

மாசாணியம்மாள் அன்று மாலையே செங்கோடனின் வீட்டு வாசலுக்குப் போனாள். அவர் உள்ளே வரச் சொன்னார். அவள் வாசலிலேயே நின்றுகொண்டு, தாய்க்குக் கொடுத்த வாக்கை எழுபது ஆண்டுக்குப் பிறகு ஊராரிடம் தன் வாயால் மீறினாள். மாரப்பன் துரை நாற்காலியில் உட்கார்ந்ததைச் சொன்னாள். மழை கெடுக்கவில்லை, நான்தான் கெடுத்தேன் என்பதையும் சொன்னாள். வாசகசாலைக்குள் இனி வரவேண்டாமென்றால் வரமாட்டேன். விரல் மட்டும் கோணலாகவே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

செங்கோடன் நெடுநேரம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தெனமும் பேப்பர் படிக்க வருவேன். சந்தன வாசம் மூக்கத் தொளைக்கும். வெள்ளக்காரன் மேல இத்தன பக்தியான்னு நானே எத்தனை தடவை சிரிச்சிருக்கறேன். துரையம்மான்னு பேரு வெச்சதே நாந்தான் மாசாணி."

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா ஒண்ணும் சொல்லாம இருந்தே?"

"சிரிச்சாலும் படம் அங்கியே இருந்துதுங்களே."

அவர் மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, விரல் இருக்கிறபடி இருக்கட்டும் என்றார். ஆனால் படத்துக்குமேல் கண்ணாடி போட்டுவிடுவோம், இனி அவள் உட்பட யாரும் தொடக் கூடாது என்றார். அது நியாயம் என்று அவளுக்கும் தெரிந்தது. தலையசைத்துவிட்டு வந்தாள்.

மூன்று நாள் உட்கார்ந்தாள். வக்கீலாக இருந்த தன் கணவரின் கறுப்புக் கோட்டை எடுத்து வந்து தாஜுன்னிசா அவளுக்கு மாட்டிவிட்டாள். சேலைக்குமேல் தொளதொளத்த கோட்டும், வெள்ளை முடிக் கொண்டையுமாகத் தாயைப் பார்த்த கதிரேசன் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "கலெக்டரம்மா, கறிவேப்பிலைக்கு நல்ல வெல போட்டுக் குடுக்கோணுமுங்க," என்றார். அவள் சிரித்தாள். சிரித்தால் கை அசைகிறது என்று தாஜுன்னிசா அவரைக் கீழே அனுப்பிவிட்டாள்.

மயிரிழை போன்ற தூரிகையால் கோடு கோடாக இழைத்தாள் தாஜுன்னிசா. இது நாளைக்கு யாருக்காவது வேண்டாமென்றால் நான் வைத்த வண்ணம் மட்டும் தனியே வந்துவிடும், பழையதற்கு ஒன்றும் ஆகாது என்றாள். உங்கள் கை மெலிந்திருக்கிறது, அவருக்கு அப்போது வயது முப்பதுக்குள் இருந்திருக்கும், அதனால் எலும்பை உங்களிடமிருந்தும் சதையை மிச்சமிருக்கிற கட்டைவிரலிலிருந்தும் எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னாள். மாசாணியம்மாள் நாற்காலிக் கைப்பிடியை விட்டுக் கையை எடுக்கவே இல்லை. முதல்நாள் மணிக்கட்டில் தொடங்கிய நோவு மூன்றாம் நாள் தோள்வரை ஏறியது. கோட்டுக்குள் முதுகு வேர்த்து வழிந்தது.

இரவு செவ்வந்தி நல்லெண்ணெயைக் காய்ச்சி அந்தக் கையை மடியில் எடுத்துப்போட்டுக்கொண்டு நீவினாள். மாசாணியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எங்கம்மா சொல்லுவா. தெனமும் பொழுதெறங்க வந்து, கையி மரத்துப் போச்சு புள்ளேன்னு அவ மடியில கையப் போட்டுக்குவாராம். நீவி உடுவாளாம். கேட்டிருக்கறேன், கதையாட்டம்." வலக்கையால் தன் இடத்தோளைத் தொட்டாள். "எங்கப்பனுக்கு எங்க வலிச்சுதுன்னு இப்பத்தான் தெரியுது."

செவ்வந்தி நீவுவதை நிறுத்தவில்லை.

புரட்டாசியில் மகாளய அமாவாசைக்கு முதல்நாள் படம் புதுக் கூரையின்கீழ் ஏறியது. மறுநாள் அதிகாலை செங்கோடனே வந்து கதவைத் திறந்துவிட்டு, செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். படம் மாட்டியது சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தாஜுன்னிசாவும் வந்திருந்தாள். அவள் தூணோரம் ஒதுங்கினாள்.

துரை எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அப்பால், நாற்காலிக் கைப்பிடியின்மேல், அந்தக் கை முழுதாக இருந்தது. சுண்டுவிரல் உள்நோக்கி வளைந்து, யாரையோ அருகே வா என்பதுபோல் இருந்தது. மாசாணியம்மாளின் நெற்றி பழக்கத்தில் முன்னே சாய்ந்தது. ஒரு சாண் இடைவெளியில் தன்னை நிறுத்திக்கொண்டாள். அவள் மூச்சு பட்டுக் கண்ணாடி வெளுத்துத் தெளிந்தது. எழுபத்தொன்பது ஆண்டுக் காலம் அவள் கடக்க நினைத்த தூரம் இப்போது ஒரு சாணாக நின்றது; இனி அது குறையப் போவதில்லை.

பூவரச இலையைத் தரையில் பிரித்து வைத்தாள். சந்தனத்தை வலக்கை மோதிர விரலால் தொட்டாள். கண்ணாடியைப் பார்த்தபடியே, தன் இடக்கையின் புறத்திலும், மூன்று விரல்களிலும், வளைந்த சுண்டுவிரலிலும் மெல்லப் பூசினாள். சிறு செம்பிலிருந்து நீரை அந்தக் கையின்மேல் வார்த்தாள். அது விரல்வழியே சொட்டி இலையில் விழுந்தது. பிறகு ஈரக் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்பது கேட்கவில்லை.

தரையில் சிந்திய துளிகளை முந்தானையால் துடைத்துவிட்டு எழுந்தபோது தாஜுன்னிசா அருகே வந்து கைதாங்கினாள்.

"உங்களைத் தொடலாமுங்களா அம்மணி?"

தாஜுன்னிசா முக்காட்டைச் சற்று இழுத்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். சந்தனம் காயாத அந்த இடக்கையை மாசாணியம்மாள் அவள் உச்சியில் வைத்தாள்.

"இது எங்கப்பன் சொல்றதுங்க. எடுத்த வேலையெல்லாம் கூடி வரோணும். உன்ர கைக்கு ஒரு நோவும் வராம, நூறு வருசம் நல்லா இருக்கோணும் கண்ணு."